நெற்றிக்கு மேலே இரண்டு விரல்

முடி நடும் ஆஸ்பத்திரி என்று விழுப்புரத்தில் அந்த போர்டைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு படத்தில் வழுக்கைத் தலை. பக்கத்துப் படத்தில் அதே ஆள், தலை நிறைய முடி, முப்பத்திரண்டு பல்லும் தெரிகிறது. ஊரில் தண்ணி இல்லை, கரண்டு இல்லை, இவனுங்களுக்கு மயிர் நட ஆஸ்பத்திரி ஒரு கேடு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் வண்டியை எடுத்தேன். வண்டி என்றால் குட்டி யானை, சின்னச் சரக்கு வண்டி. திண்டிவனத்தில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, மூட்டை ஏற்றி விழுப்புரத்தில் இறக்குவது என் பிழைப்பு. விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் சிரிப்பு போய்விட்டது. அன்புவின் தலை ஞாபகம் வந்துவிட்டது.

அன்புச்செல்வி என் பெண்டாட்டி. அங்கன்வாடியில் ஆயா வேலை பார்த்தவள். 2010-ல் ஒருநாள் கேப்பை அரைக்க மில்லுக்குப் போனாள். குனிந்து மாவை அள்ளும்போது பின்னல் முன்னால் விழுந்து பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. நெற்றியில் தொடங்கி உச்சி தாண்டித் தோலோடு பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அந்த பெல்ட்டுக்கு ஒரு தகர மூடி போட்டிருந்தால் இது நடந்திருக்காது. ஒரே ஒரு மூடி. போட்டால் கை தேய்ந்துவிடுமா பாவிகளுக்கு? சரி, இப்போது கத்தி என்ன ஆகப்போகிறது. பாண்டியில் பெரிய ஆஸ்பத்திரியில் தொடைத் தோலை எடுத்துத் தலையில் ஒட்டினார்கள். உயிர் பிழைத்தாள். அந்த டாக்டர்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் தொடைத் தோலில் முடி முளைக்காது. பின்மண்டையில் மட்டும் நாலு விரல் அகலத்துக்கு அவளுடைய சொந்த முடி மிச்சம் இருந்தது. அதை நீளமாக வளர்த்து முன்னால் இழுத்து வாரி, அதன்மேல் முக்காடு போட்டுக்கொள்வாள்.

புண் ஆறினபிறகு வேலைக்குப் போனாள். முதல் வாரமே முக்காடு சரிந்துவிட்டது. ஒரு குழந்தை பார்த்துவிட்டு வீறிட்டது. அங்கன்வாடியில் ஒன்று அழுதால் எல்லாம் அழும். வீட்டுக்கு வந்து படுத்தவள்தான், அதற்கப்புறம் வேலைக்குப் போகவில்லை. வாசல் தாண்டுவது ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு மட்டும். கோயிலில் எல்லாப் பொம்பளைகளும் முக்காடு போட்டிருப்பார்கள், அதனால். பூசை முடிந்து சனங்கள் முக்காட்டை இறக்கிவிட்டுப் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் இவள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

நாங்கள் சும்மா இருந்தோம் என்று நினைக்காதீர்கள். பக்கத்து வீட்டு விசாலாட்சி அக்கா சின்ன வெங்காயத்தை இடித்துச் சாறு எடுத்துத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தோம். கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். அதையும் தேய்த்தோம். மெட்ராஸிலிருந்து ஒரு விக் வாங்கி வந்தேன். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள், தெரியும். ஒட்டுப் போட்ட தோல் வெந்து கொப்புளம் வந்தது. ஒருநாள் என் வண்டியில் வரும்போது காற்றுக்கு நழுவி மடியில் விழுந்தது. அன்பு அதை எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் போட்டாள். அதோடு சரி.

அந்த போர்டைப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உனுக்கு வேற வேல இல்லியா? அதெல்லாம் சினிமாக்காரனுக்கு."

"போயி கேப்போமே. கேட்டா இன்னா கொறஞ்சிடுது?"

ஒரு வாரம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு அவளாகவே ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்: "தல பூரா வாணாம்யா. நெத்திக்கு மேல ரெண்டு வெரக்கட அகலத்துக்கு வந்தாப் போதும். மீதிய ஒரு துணியக் கட்டி மறைச்சிக்குவேன். ரெண்டு வெரக்கட இருந்தா புள்ளைங்க பயப்படாது. நான் வேலைக்குப் போயிடுவேன்." எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். இத்தனை நாளும் அவள் இதை அளந்து வைத்திருக்கிறாள். நான் என்னடாவென்றால் அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா பெயர் சூர்யகலா. சின்ன வயசுதான். முக்காட்டை எடுக்கச் சொன்னார். அன்பு என்னைப் பார்த்தாள். வெளியே போகட்டுமா என்று கேட்டேன். "வாணாம், இரு," என்று சொல்லிவிட்டு எடுத்தாள். டாக்டரம்மா முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. கைவிரலால் மெதுவாக அழுத்திப் பார்த்தார், தோலை நகர்த்திப் பார்த்தார். எனக்கு அந்த அம்மா காலில் விழலாம் போல இருந்தது.

"மொதல்ல ஒண்ணு புரிஞ்சிக்குங்க. முடிய நாங்க உண்டாக்கறதில்ல. எடம் மாத்தறோம், அவ்ளோதான்," என்றார். "பின்மண்டையில இருக்கற முடி லேசுல கொட்டாது. அத வேரோட எடுத்து முன்னால வைக்கறோம்."

இரண்டு விதம் இருக்கிறதாம். ஒன்று, பட்டை மாதிரி எடுப்பது. பின்மண்டையில் காதுக்குக் காது ஒரு விரல் அகலத்துக்குத் தோலை நீளமாக வெட்டி எடுத்துவிட்டு, வெட்டின இடத்தைச் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். எடுத்த தோலை மைக்ராஸ்கோப்பில் வைத்து வேர் வேராகப் பிரிப்பார்கள். ஒரே தடவையில் நிறைய வேர் கிடைக்கும், செலவு குறைவு, மண்டையைச் சிரைக்க வேண்டாம். ஆனால் கோடு போட்ட மாதிரி ஒரு தழும்பு விழும். இன்னொன்று புதுசு. ரீஃபில் முனை மாதிரி சின்னக் குழாய் ஒன்று சுற்றிக்கொண்டே தோலுக்குள் இறங்கி, ஒவ்வொரு வேரையும் தனித்தனியாகச் சுற்றி அறுத்துவிடும். அதை இடுக்கியால் பிடித்து எடுத்து, குளிர்ந்த உப்புத் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். முன்னால் ஊசியால் குழி கீறி, ஒன்றொன்றாகச் சொருகுவார்கள். தையல் கிடையாது, கோடு கிடையாது, எடுத்த இடம் புள்ளி புள்ளியாக ஆறிவிடும். ஆனால் நாள் பூரா ஆகும், செலவு அதிகம், எடுக்கிற இடத்தைச் சிரைத்தே ஆக வேண்டும்.

"நாத்து புடுங்கி நடற மாதிரி," என்றேன்.

"அதேதான். ஆனா நெலம் நல்லா இருக்கணும் இல்லீங்களா? வழுக்க விழுந்தவங்களுக்கு மேல முடி போனாலும் நெலம் நல்ல நெலம். ரத்த ஓட்டம் இருக்கும். இவங்களுது ஒட்டுப் போட்ட தோலு. ரொம்ப மெல்லிசு. வேரு புடிக்குமான்னு நட்டுப் பாத்தாதான் தெரியும்."

மருந்து தடவினால் வராதா என்று கேட்டேன். வேர் இருந்து முடி மெலிந்தவர்களுக்குத்தான் மருந்து என்றார். சொந்த ரத்தத்தைச் சுழற்றித் தலையில் ஊசி போடுகிறார்களாமே என்றேன். அதுவும் வேர் இருந்தால்தான். பின்னால் முடி இருக்கிற தோலுக்கு அடியில் ஒரு பலூனை வைத்து, வாராவாரம் உப்புத் தண்ணீர் ஏற்றி, தோலை விரிய வைத்து முன்னால் இழுத்து மூடுகிற வைத்தியமும் உண்டாம். மில்லில் அடிபட்டவர்களுக்கு அதுதான் நல்லதாம். ஆனால் இவளுக்கு மிச்சம் இருப்பது நாலு விரல். அதை எவ்வளவு ஊதினாலும் இவ்வளவு இடத்தை மூடாது. பாண்டியிலும் இதைத்தான் சொல்லியிருந்தார்கள். எதைக் கேட்டாலும் அந்த நாலு விரலில் வந்துதான் முட்டிக்கொண்டு நின்றது.

"நேரா பெரிய ஆப்ரேஷனுக்குப் போக வேணாம்," என்றார் டாக்டரம்மா. "பின்னாடி இருக்கறதும் போயிட்டா இவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. காதுக்குப் பின்னால கொஞ்சமா எடுத்து, நாப்பது முடி மட்டும் நட்டுப் பாப்போம். முக்காவாசி புடிச்சா தைரியமா செய்யலாம்."

அன்பு அந்த நாற்பதுக்கும் ஒத்துக்கொண்டாள். காதுக்குப் பின்னால் தபால்தலை அளவுக்குச் சிரைத்தார்கள். நெற்றி ஓரத்துக்கு ஒற்றை முடி உள்ள வேராகப் பார்த்து எடுத்து நட்டார்கள். ரத்தம் பொட்டுப் பொட்டாக உறைந்திருந்தது. வீட்டில் நான்தான் மணிக்கொரு தடவை உப்புத் தண்ணீர் பீச்சினேன். புரண்டு படுத்தால் தேய்ந்துவிடும் என்று இரண்டு பக்கமும் தலையணை வைத்துச் சாய்ந்தபடியே அவளைத் தூங்க வைத்தேன். மல்லாட்டை மூட்டை தூக்குகிற கை இது. அந்தக் கையால் அவள் நெற்றிப் பக்கம் போகவே பயந்து பயந்து செத்தேன்.

டாக்டரம்மாவை முதல் தடவை பார்த்துவிட்டு விழுப்புரத்திலிருந்து திரும்பி வரும்போதே ஒரு விஷயத்தை நான் முடிவு பண்ணிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அவளுடைய நாலு விரல் போதாது. சரி. என் தலையில் எவ்வளவு இருக்கிறது! எங்கள் அப்பா சாகும்வரைக்கும் ஒரு முடி கொட்டாதவர். எனக்கும் அதே காடு. புருஷன் பெண்டாட்டிக்குக் கிட்னி கொடுக்கிறான். பேப்பரில் போடுகிறார்கள். கிட்னி எங்கே, மயிர் எங்கே? எனக்குப் பட்டையாகவே வெட்டி எடுக்கட்டும். ஒரே தடவையில் நிறைய வேர் கிடைக்கும், செலவும் குறைவு. பின்னால் தழும்பு விழுந்தால் எவளைப் பொண்ணு பார்க்கப் போகிறேன் நான்? நீளமாகவே நட்டால் அன்பு முதல் நாளிலிருந்தே வாரிக்கொள்ளலாமே என்று முடி வெட்டுவதை நிறுத்திவிட்டேன்.

கேட்டவர்களிடம் எல்லாம் வேளாங்கண்ணிக்கு வேண்டுதல் என்று சொன்னேன். அன்புவிடமும் அதையேதான் சொன்னேன். வண்டி ஸ்டாண்டில் பெரியதம்பி என்று ஒருத்தன், வாய் சும்மா இருக்காது. "இன்னா சவுரிராயா, கூத்து கட்டப் போறியா? திரௌபதி வேஷம் காலியா இருக்குதாம்," என்பான். "போடா பொழப்பத்தவனே," என்று சொல்லிவிட்டு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொள்வேன். கோயிலில் ரத்ததான முகாம் நடந்தபோது இரண்டு பேருக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லி அட்டை வாங்கினேன். இரண்டு பேருக்கும் ஓ பாசிட்டிவ். அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கோயில் வளாகத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

மூன்றாவது வாரம் நட்ட முடி எல்லாம் உதிர ஆரம்பித்தது. உதிரும், பயப்படாதீர்கள், மேலே இருப்பதுதான் போகும், வேர் உள்ளே தூங்கும், நாலாம் மாதம் எழுந்து வரும் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பினார். சொல்லி என்ன? தலையணையில் கிடந்ததை அன்பு ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விசாலாட்சி அக்கா எட்டிப் பார்த்து, "நான் அப்பவே சொன்னேன், வெங்காயத்த வுட்டுட்டுப் பேஜாரப் புடிச்சிக்கினு அலையறீங்கோ," என்றார். நல்ல மனுஷிதான், ஆனால் அன்றைக்கு அவரை நான் என்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது.

நாலாம் மாதம் ஒன்று வந்தது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு. பூனை முடி மாதிரி மெல்லிசாக, சுருண்டு. அன்பு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். மொபைல் டார்ச்சைப் போட்டுப் பார்த்தோம். அந்த முகத்தில் நாலைந்து வருஷமாக இல்லாத ஒன்று இருந்தது. காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று எண்ணுவாள். நாலு. ஆறு. ஒன்பது. ஒன்பதிலேயே நின்றுவிட்டது. ஒரு மாதம் பார்த்தோம், இரண்டு மாதம் பார்த்தோம். அவள் எண்ணுவதை மட்டும் நிறுத்தவில்லை.

எட்டாம் மாதம் டாக்டரம்மா பெரிய லென்ஸ் வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு லென்ஸை மேசையில் வைத்தார். சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நாப்பதுல ஒம்பது. கால்வாசிகூட இல்லீங்க. பின்னாடி இருக்கறது பூரா எடுத்து நட்டாலும் இதே கணக்குதான். முன்னாடியும் நெறையாது, பின்னாடியும் காலியாயிடும். இப்ப இழுத்து வாரிக்கறாங்களே, அதுவும் இருக்காது. நான் செய்ய மாட்டேன். வேற எங்கயாவது காசு வாங்கிக்கினு செய்யறேன்னு சொல்லுவாங்க. தயவுசெஞ்சி போகாதீங்க."

அன்பு தலையை ஆட்டினாள். எழுந்துகூட விட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. ரப்பர் பேண்டை அவிழ்த்தேன். முடி தோளில் விழுந்தது.

"எவ்ளோ வேணா எடுத்துக்குங்க டாக்டரம்மா. அவளுத வுடுங்க. இருக்கறது அப்படியே இருக்கட்டும். என்னுத எடுங்க. நாப்பது வெச்சா ஒம்பது வருதா? அப்ப நாலு மடங்கு வைங்க. ரெண்டு வெரக்கடதான கேக்கறா? பட்டையா வெட்டிக்குங்க, தழும்பப் பத்தி எனக்குக் கவல இல்ல." ரத்த அட்டை இரண்டையும் மேசைமேல் வைத்தேன். "ஒரே குரூப்பு. பாத்துக்குங்க."

டாக்டரம்மா அட்டையைத் தொடவில்லை. என் முடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரத்த குரூப்பு ஒண்ணா இருந்தாப் பத்தாதுங்க," என்றார். "அடுத்தவங்க ஒடம்புல இருந்து வந்ததக் கண்டுபுடிச்சி இவங்க ஒடம்பு தள்ளிடும். சில வாரத்துல எல்லாம் செத்துப்போயிடும்."

"கிட்னி குடுக்கறாங்களே."

"குடுக்கறாங்க. வாங்கினவங்க ஆயுசுக்கும் மாத்திர சாப்புடறாங்க. ஒடம்போட எதிர்ப்பையே அமுக்கி வைக்கற மாத்திர. கிட்னி இல்லன்னா உயிரு போயிடும், அதனால அதத் தாங்கிக்கறாங்க. முடிக்காக அந்த மாத்திரையக் குடுத்தா, நாளைக்கி ஒரு சளிக்காய்ச்சலே இவங்களத் தூக்கிடும். ஒரே கருவுல பிரிஞ்சி பொறந்த ரெட்டப் புள்ளைங்களுக்குள்ள மட்டுந்தான் முடி மாத்தி வைக்கலாம். அப்பா, அம்மா, கூடப் பொறந்தவங்க, யாருதும் ஆகாது."

"நாங்க புருஷன் பொண்டாட்டிங்க," என்றேன். அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று சொன்னேனோ தெரியவில்லை.

அன்பு கதவுகிட்டே நின்றுகொண்டிருந்தாள். "வேளாங்கண்ணிக்குன்னு சொன்ன?" என்றாள்.

அட்டைகளை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். டாக்டரம்மா அன்றைக்கு ஃபீஸ் வாங்கவில்லை.

டோல்கேட்டில் எனக்கு முன்னால் நின்ற கார்காரன் சில்லறைக்குப் பை பையாகத் துழாவிக்கொண்டிருந்தான். ஜல்தி எடுடா என்று ஆரம்பித்து அவன் பரம்பரையையே இழுத்துவிட்டேன். அவனும் இறங்கி வந்தான். நாலு பேர் பிடித்து விலக்கினார்கள். வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது எனக்கு மூச்சு இரைத்தது. கொஞ்ச தூரம் போனபிறகு அன்பு என் முடியின் நுனியைப் பிடித்து விரலில் சுற்றிக்கொண்டாள். திண்டிவனம் வருகிறவரைக்கும் விடவில்லை. நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

மறுநாள் விடிந்ததும் கூப்பிட்டாள். கண்ணாடி முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். முக்காடு இல்லை. முள் எடுக்கிற இடுக்கியை என் கையில் கொடுத்தாள்.

"இந்த ஒம்பதையும் புடுங்கிடு."

"இன்னா பேசற அன்பு? எவ்ளோ கஷ்டப்பட்டு வந்தது?"

"தெனம் எழுந்து எண்ணறேன்யா. பத்தாவது வந்திருக்குமான்னு பாக்கறேன். வராதுன்னு அந்தம்மா சொல்லிடுச்சி. இன்னிக்கும் எழுந்து எண்ணினேன். இது இருக்கற வரைக்கும் எண்ணிக்கினேதான் இருப்பேன். என்னால முடியல. புடுங்கிடு."

அவள் சொல்வது சரிதான். ஒரு முடியை இடுக்கியில் பிடித்து இழுத்தேன். வரவில்லை. பலமாக இழுத்தேன். தோல்தான் முடியோடு கூடாரம் மாதிரி எழும்பி வந்தது. முப்பத்தொன்று செத்துத் தொலைந்த இடத்தில் இது மட்டும் இப்படியா பிடித்துக்கொண்டிருக்கும்? கண்ணாடியில் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்குவது தெரிந்தது.

"வலிக்குதா?"

"நீ புடுங்கு."

என்னால் முடியவில்லை. இடுக்கியை முக்காலி ஓரத்தில் வைத்துவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆம்பளை அழக்கூடாது என்பதெல்லாம் எவன் சொன்னானோ. அவள் கொஞ்ச நேரம் என்னை அழவிட்டாள். பிறகு இடுக்கியை எடுத்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மறுபடியும் என் கையில் வைத்தாள்.